படகின் பெயர் தெரியாது

பெப்ரவரி 9, திங்கள்

மைனஸ் இருபத்திரண்டு. பஸ் பிந்தியது. நான் சமைக்கும் கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சூப் அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் பாவம், பேசாமல் குடித்தார்கள்.

இவரிடமிருந்து குரல் செய்தி. கூட வேலை செய்த ஜில்லுடன் கிரெனடா போய், அங்கே பாய்மரப் படகு வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகத் திரிகிறார். ஓய்வு பெற்ற இரண்டு கிழவர்கள். இல்-பிசாரிலிருந்து லவாலுக்கு ஃபெரியில் ஆறு கடக்கவே வாந்தி எடுத்த மனுஷன் இவர்.

"இஞ்சை ஆக்கள் குறைவு. ஆடுதான் கூட. கடை ரெண்டு, அதிலை ஒண்டு பூட்டு. காத்து நல்லாயிருந்தா நாளைக்கு அடுத்த தீவு."

நல்ல காற்று என்றால் பலமான காற்றா, மெல்லிய காற்றா?

வாங்க: பால், வெங்காயம், படிக்கட்டில் போட உப்பு.

செவ்வாய்

செய்தி இல்லை. நான் அனுப்பியதற்கு ஒற்றை டிக்.

பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்டை மாற்ற வேண்டும். இவர் இருந்தால் வீடு முழுக்க ரேடியோ. இப்போது ஃப்ரிட்ஜ் உறுமுவதுதான் கேட்கிறது. எரிச்சல். எல்லாம் இவர் மேல்தான்.

புதன்

இன்னும் ஒற்றை டிக். ஜில்லின் ஃபோனும் அடிக்கவில்லை. வேலை முடிந்து நேரே லவால், மகன் வீட்டுக்கு. கபிலன் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

"படகின்ரை பேர் என்னம்மா?"

"தெரியாது."

"எந்தத் தீவுக்குப் போறம் எண்டாவது சொன்னவரே?"

"நான் கேக்கேல்லை. வெளிக்கிடுற ஆளை எங்கை போறீங்கள் எண்டு கேக்கிறதே? தூரமோ எண்டு மட்டும் கேட்டனான். ஓம், கொஞ்சம் தூரம் எண்டார்."

அவன் பார்த்த பார்வை. அந்தப் பக்கத்துக் கடல் மீட்புக்காரருக்கு எடுத்தான். படகின் பெயர், கடைசியாக நின்ற தீவு, போகும் தீவு எல்லாம் கேட்டார்கள். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஆடு நிக்கிற தீவு எண்டு சொல்லட்டே அம்மா?" என்றான். பகிடிக்குத்தான் கேட்டான், ஆனால் சிரிக்கவில்லை.

சகுனம் பிழைத்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வாயிலேயே நாலு போடவேண்டும் போலிருக்கிறது.

வியாழன்

வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும். கரட், கரட், கரட். விரலையும் வெட்டிக்கொண்டேன்.

மேல் வீட்டு ராணியக்கா படிக்கட்டில்: "அண்ணை எப்ப வாறார்?"

"வாற கிழமை."

சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைப் பூட்டினேன். கட்டிலில் அவர் பக்கம் கழுவாத சேர்ட் ஒன்று. கழுவவில்லை, கழுவமாட்டேன்.

பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். என்னவென்று எழுதமாட்டேன்.

வெள்ளி

பகல் சாப்பாடு பரிமாறும் நேரம். தெரியாத நம்பர். எடுக்கப் பயம், எடுக்காமல் விடவும் பயம்.

இவர்தான். யாரோ கடைக்காரியின் ஃபோன். எஞ்சின் நின்று, காற்றும் விழுந்து, ஆளில்லாத ஒரு தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்தார்களாம். அங்கே சிக்னல் இல்லை. இன்று மீன்பிடிப் படகொன்று கட்டி இழுத்து வந்ததாம்.

"பயந்திட்டீரே?"

"இல்லை," என்றேன். சொன்ன கையோடு ஃபோனோடேயே களஞ்சிய அறைக்குள் போய், அரிசிப் பெட்டி மேல் இருந்துகொண்டு அழுதேன். திட்டினேன். பெரியவர்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். இவர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாக: "சாகப்போறன் எண்டு நான் நினைக்கேல்லை. தண்ணி கண்ணாடி மாதிரி. ஒரு சத்தமில்லை. இதை நீர் பாக்கேல்லையே எண்டுதான் மனசிலை கிடந்தது."

ஜில்லுக்கு இடுப்பு வலி, ஊர் திரும்புகிறானாம். படகு ஓட்ட அங்கேயே ஒருத்தி இருக்கிறாளாம்.

"நீர் வாறீரே?"

எனக்கு நீந்தத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். ஓம் என்று சொல்லிவிட்டேன்.