டேங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டேன், அண்ணே

என் அண்ணே,

வருகிற வெள்ளிக்கிழமை உனக்குத் தலைத் திவசம். அதற்குள் உன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். நேற்றுக் காலை இட்லி சாப்பிட்ட கையோடு போடிக்கு பஸ் ஏறிவிட்டார். ஆளைப் பார்த்துப் பேசி, மினி லாரியோடு சிலமலைக்குத் திரும்ப எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் உன் வண்டியின் பெட்ரோல் டேங்கைக் கழற்றி அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்தாக வேண்டும்.

ஏன் என்று உனக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போய் ஏலக்காய் லாட் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், நீ இருந்திருந்தால்.

அந்தச் சனிக்கிழமை போடிமெட்டு இறக்கத்தில், தடுப்புச் சுவரில் மோதிக் கிடந்த உன் வண்டியில் சாவி அணைந்திருந்தது. அதைக் கேட்ட மாத்திரத்தில் ஊரே முடிவுக்கு வந்துவிட்டது. இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விட்டது என்றார்கள். யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. மெட்டில் சாவியை அணைத்தால் அடிவாரத்து முந்தல் வரைக்கும் பெட்ரோல் செலவில்லாமல் சும்மா இறங்கி வந்துவிடலாம் என்பது இங்கே எல்லோருக்கும் பழகிய கணக்கு. நமக்கு அது அப்பாவின் ஜீப்பிலேயே பழக்கமானது. மெட்டு தாண்டியதும் அவர் சாவியைத் திருப்புவார், இன்ஜின் சத்தம் அடங்கும், காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். நீ ஒவ்வொரு கொண்டையூசி வளைவுக்கும் கைதட்டுவாய். நீ போன பிறகு அவர் ஜீப்பைத் தொடவே இல்லை. உன் பேரையும் வாயில் எடுக்கவில்லை.

ஆனால் ஓடுகிற வண்டியில் சாவியை அணைக்க இன்னொரு காரணமும் உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ விழுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன் டேங்கைக் கழற்றியது நான். மலைமேல் நீ வேலை பார்த்த எஸ்டேட்டில் மழையில் நின்று நின்று டேங்குக்குள் தண்ணீர் இறங்கி, வண்டி இருமிக்கொண்டே இருந்தது. நீ அசந்து தூங்கிக்கொண்டிருந்தாய். நான் போனில் வீடியோ பார்த்துக் கழற்றி, தண்ணீரை வடித்து, துரு போக அலசி, மறுபடி மாட்டினேன். நீ எழுந்து வந்து ஒரு உதை உதைத்ததும் கிளம்பியது. நீ என் தலையில் கொட்டி, மெக்கானிக்கம்மா என்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் என்னையே ஒரு அறை விடத் தோன்றுகிறது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று அதே வீடியோவை மறுபடி போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. நான் கடைசிவரை பார்க்காமல் விட்டிருந்த பகுதியில் அந்த ஆள் சொன்னார்: டேங்கை மாட்டும்போது ஆக்சிலேட்டர் ஒயர் அடியில் நசுங்கிவிடாமல் பாருங்கள், நசுங்கினால் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் இன்ஜின் தானாக வேகம் எடுக்கும். நான் அதைப் பார்த்து மாட்டினேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. டேங்கை வைத்தேன், அமுக்கினேன், உட்கார்ந்துவிட்டது. அது மட்டும்தான் ஞாபகம்.

திங்கட்கிழமை நீ நல்லபடியாக மலையேறிப் போனாயே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கியபடிதானே போவோம், நசுங்கியிருந்தாலும் தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும். ஒரு வளைவில் நீ ஹேண்டிலை ஒடிக்கிறாய், வண்டி அலறிக்கொண்டு பாய்கிறது, உன் கை பதறிச் சாவிக்குப் போகிறது. இதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன், அண்ணே? வண்டியைச் சோதிக்க வந்தவர் பிரேக்கைத்தான் பார்த்தார். டேங்கைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் அது ஒரு வருஷம் கிடந்தது. நினைத்திருந்தால் எந்த நாளும் நான் பார்த்திருக்கலாம். பயம். வேறென்ன?

நேற்று அந்தப் பயத்துக்கும் நேரம் இல்லாமல் போய்விட்டது. தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். ஹெட்லைட் இல்லை, ஹேண்டில் ஒரு பக்கம் வளைந்திருந்தது. அதையெல்லாம் பார்க்காமல் சீட்டைக் கழற்றினேன். டேங்கின் பின்பக்க போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். சுத்தியலால் தட்டினால் பொறி பறக்கும் என்று பயம். இரண்டு தடவை ஸ்பேனர் நழுவி விரல் முட்டி தோலுரிந்தது. மூன்றாவது தடவை போல்ட் கிரீச்சென்று இளகியது. அதற்குள் அரை மணி போய்விட்டது.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டுத்தான் டியூபை இழுத்தேன். ஒரு வருஷம் காய்ந்த டியூப், கையோடு ஒடிந்து வந்துவிட்டது. மூடிய குழாயும் பெட்ரோலை நிறுத்தவில்லை. வார்னிஷ் வாடையோடு பழைய பெட்ரோல் என் முழங்கை வரை வழிந்தது. விரலை வைத்து அடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், ஆறேழு அடி தள்ளிப் பின்கட்டு அடுப்பில் அம்மா குழம்பு வைத்திருக்கிறாள். அடுப்பு எரிகிற சத்தம் எனக்கே கேட்கிறது. விரலை எடுத்தால் கொட்டும், எடுக்காவிட்டால் எழுந்து போக முடியாது. ஒரு நிமிஷம் அப்படியே குந்தியிருந்தேன். கூப்பிட்டால் எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

கூப்பிட்டேன். அடுப்பை அணைக்கச் சொன்னேன். அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள், உள்ளே போய் உன் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கையும் குளிர வைத்துவிட்டு, ஒரு சோப்புக் கட்டியோடும் வாளியோடும் வந்தாள். சோப்பைக் கிள்ளிக் குழாய் வாயில் திணித்தேன். சொட்டுவது நின்றது. அதற்குப் பிறகுதான் என்னடி செய்கிறாய் என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, வீடியோ, ஒயர், சாவி எல்லாம். சொல்லச் சொல்ல அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவள் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன், இல்லையென்றால் அடித்துக்கொண்டு அழுவாள்.

"தூக்கிப் பாரு," என்றாள். "எதுவா இருந்தாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லு. வெரசாப் பாரு, அப்பா வந்துருவாரு."

டேங்கின் பின்பக்கத்தைத் தூக்கி என் பக்கமாக இழுத்தேன். முன்னால் இருந்த இரண்டு ரப்பரையும் விட்டு டேங்க் கழன்று வந்தது. அம்மா வாங்கி வாளிக்கு மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் போனில் லைட்டைப் போட்டுக் குனிந்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை, அண்ணே. நிஜமாகவே முடியவில்லை.

ஒயர் ஓரமாக, சட்டத்தை ஒட்டி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நூலால் இரண்டு இடத்தில் கட்டியிருந்தது, ஏலக்காய் மூட்டை தைக்கிற அந்த முறுக்கு நூல். நான் எதையும் கட்டவில்லையே? லைட்டை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். ஒயரில் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. தடவிப் பார்த்தேன். டேப்புக்கு அடியில் ஒயர் தட்டையாக இருந்தது. டேங்க் உட்கார்ந்து நசுக்கிய இடம். ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டேன். டக்கென்று திரும்பியது. எங்கேயும் சிக்கவில்லை.

உன்னோடு ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்த வர்க்கீஸ் சேட்டனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். சுற்றி வளைக்காமல், அந்த வாரம் அண்ணன் டேங்கைக் கழற்றினானா என்று கேட்டேன்.

"வியாழக்கெழம ஸ்டோர் வாசல்ல வச்சுக் கழட்டினான் மோளே. ஒயரு அடியில குடுங்கி நசுங்கிக் கெடந்தது, சரியாக்கிட்டான். தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சேட்டா, சொன்னா அப்பறம் அவ ஸ்பேனரையே தொட மாட்டாள்னு சொன்னான். அதான் நானும் சொல்லல."

போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு. ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. நான் இல்லை, நான் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா டேங்கைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவினாள். அப்புறம் அவள், அப்படியென்றால் அவனேதான் சாவியை அணைத்தானா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் இல்லையென்றால் நீ. நீ என்றால், உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மெட்டில் சாவியை அணைத்த அப்பா. ஒரு வருஷமாக அந்த மனுஷன் வாயைத் திறக்காததற்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தப்பித்த பழியை அவர் தலையில் அல்லவா இறக்கி வைக்கப் போகிறேன்?

வாசலில் மினி லாரி ஹாரன் கேட்டது. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் முடிவு செய்துவிட்டேன்.

அப்பா கொல்லைக்கு வந்து, கழன்று கிடந்த டேங்கையும் என் கையையும் பார்த்தார். அவர் கத்துவதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். டேங்கை மாட்டியது நான்தான், ஒயர் நசுங்கியிருக்கிறது, வண்டி தானாக வேகமெடுத்திருக்கும், அதனால்தான் சாவியை அணைத்திருக்கிறான், உருட்டிக்கொண்டு வரவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். நசுங்கிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அப்பா குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நூலைப் பார்த்தார். டேப்பை நகத்தால் தடவினார். இருபது வருஷம் ஜீப் ஓட்டியவரிடம் நான் போய் இந்தப் பொய்யைச் சொன்னேன் பார்.

"நசுங்கினதுக்கு மேல டேப்பு சுத்தியிருக்கேம்மா," என்றார். "விழுந்ததுக்கப்பறம் எந்திரிச்சு வந்தா சுத்தினான்?"

அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்காகப் பொய் சொல்லாத. எம் புள்ளைக்குச் சாவிய அமத்தக் காமிச்சது நாந்தான்."

உன் பேரைச் சொல்லி அழுதார், அண்ணே. அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் தேற்றவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லோடு ஏற்றலாமா என்று கேட்க வந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே வாசலுக்குப் போய்விட்டார்.

பிறகு அப்பா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு டேங்கைத் தூக்கினார். போல்ட்டைக் கொண்டா என்றார். இரும்புக் கடைக்குப் போகிற வண்டிக்கு எதற்கு இது என்று நான் கேட்கவில்லை. அவர் டேங்கைத் தாங்கிப் பிடிக்க, நான் ஒயரைக் கையால் ஒதுக்கிவிட்டு மாட்டினேன். ஒழுங்காக உட்கார்ந்ததா என்று இரண்டு பேரும் பார்த்தோம். அப்புறம்தான் ஏற்றி அனுப்பினோம்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். என் தப்பை வியாழக்கிழமை உட்கார்ந்து சரிசெய்த நீ, சனிக்கிழமை உன் தப்பைச் செய்தாய். ஒயர் நசுங்கியிருந்ததுடி கழுதை என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த ஒரு வருஷமும் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நான் ஸ்பேனரைத் தொடாமல் போய்விடுவேன் என்று உனக்கு அத்தனை கவலை. எங்களை இப்படி விட்டுப் போவோம் என்று ஒரு கவலையும் இல்லாமல் சாவியைத் திருப்பியிருக்கிறாய். இதை நினைத்தால் உன்னைத் திட்டத்தான் வாய் வருகிறது. அழுகையும் கூடவே வந்துவிடுகிறது.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது அப்பா பேசினார். திவசம் முடிந்ததும் ஜீப்பை எடுக்கலாம், அவன் விழுந்த இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை என்றார். ஒரு வருஷமாக நாங்கள் சொல்லியும் போகாத இடம். நானும் வருகிறேன் என்றேன். பார்த்துவிட்டு மெட்டுக்கு ஏறி, திரும்பி இறங்க வேண்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மெட்டிலிருந்து முந்தல் வரைக்கும் இன்ஜினை அணைக்காமல், இரண்டாவது கியரில்தான் வருவோம். இன்ஜின் எவ்வளவு அலறினாலும், பின்னால் வருகிறவன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சரி. நான் முன் சீட்டில், நீ உட்காருகிற இடத்தில்தான் இருப்பேன். இருபது வருஷப் பழக்கத்தில் அவர் கை தன்னை அறியாமல் சாவிக்குப் போகும். போனால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி பூங்கொடி