திருமதி என்று எழுதிய கை

1956, ஏப்ரல் 10, செவ்வாய். சார்ல்ஸ்டன்.

தேவாலய மாதர் மன்றக் கூட்டம். வந்தவர்கள் ஒன்பது பேர். வழக்கம்போல நான்தான் நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். ஒவ்வொருவருக்கும் திருமதி போட்டு முழுப்பெயர். மினா கிண்டல் பண்ணினாள்: "திருமதி வில்ஹெல்மினா பிரிங்கிளாம்! யாருடி அது, எனக்கே தெரியலயே."

சிரித்தால் சிரிக்கட்டும். கிங் தெருக் கடையில் நேற்றுச் சேர்ந்த வெள்ளைக்காரச் சிப்பந்திகூட "தியோடோரா, என்ன வேணும்?" என்கிறான். பத்திரிகையிலும் கறுப்புப் பெண்களுக்குத் திருமதி கிடையாது. என் நோட்டில் உண்டு.

ஏப்ரல் 17

பள்ளிக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினரா என்று ஆசிரியர்கள் எல்லோரும் எழுதித் தர வேண்டும். ஆம் என்றால் வேலை போய்விடும். இல்லை என்றால் பொய். பிப்ரவரியில் மன்றத்திலேயே ஏழு பேர் சேர்ந்தோம், அதில் ஆசிரியர்கள் நானும் மினாவும்தான். அதையும் குறிப்பில் எழுதிவைத்த மகாபுத்திசாலி நான்தான்.

"அந்த இடத்த வெறுமையா விட்டுடுவோம் டோரா. ரெண்டு பேரும்" என்றாள் மினா. பதினாறு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. கொஞ்சம் தெம்பு வந்தது, அப்படியே விட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 21

மினா மன்றக் குறிப்பு நோட்டை வாங்கிப் போனாள். ஈஸ்டர் விருந்துக்குச் செய்த, தக்காளி போட்ட சிவப்புச் சோற்றுப் பக்குவம் அதில் இருக்கிறதாம், எழுதிக்கொள்ள.

ஏப்ரல் 26

நோட்டு திரும்பி வந்தது. அலமாரியில் வைத்தேன்.

மே 8

கல்வி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். உட்காரச் சொல்லவில்லை. தட்டச்சு செய்த ஒரு தாளை வாசித்தான்: "திருமதி தியோடோரா கிரான்ட் முதலில் எழுந்து தன் பெயரைத் தந்தார்." நான் எழுதிய வரி, அப்படியே. என் திருமதியை ஒரு வெள்ளைக்காரன் வாயில் முதன்முதலாகக் கேட்டேன். அடுத்த மூச்சிலேயே, "தியோடோரா, ஜூன்லேருந்து நீ வர வேண்டாம்."

மே 9

நோட்டைத் திறந்து பார்த்தேன். பிப்ரவரிப் பக்கத்தில் ஆறு பெயர்தான் இருக்கிறது. ஏழாவதை, தன் பெயரை, மினா பிளேடால் சுரண்டியிருக்கிறாள். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் மெலிசாகத் தெரிகிறது.

பக்குவம் எழுதிக்கொள்ளவாம். பாவி. என் கையாலேயே கொடுத்தேனே.

மே 11

அவள் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டேன். மறுக்கவில்லை. படிவத்தில் "இல்லை" என்று எழுதினாளாம், அவர்கள் நம்பவில்லையாம், அதனால் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாளாம்.

"எனக்கு மூணு புள்ளைங்க டோரா. உனக்கு ஒருத்தன்தான், அவனும் சம்பாதிக்கிறான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே மினா. நானே அந்தப் பக்கத்தக் கிழிச்சிருப்பேனே."

தண்ணீர் குடிச்சிட்டுப் போ என்றாள். குடிக்கவில்லை.

மே 31

கரும்பலகையைத் துடைத்துவிட்டு வந்தேன். பிள்ளைகளிடம் காரணம் சொல்லவில்லை.

ஜூன் 12, செவ்வாய்

மன்றக் கூட்டம். மினா வந்தாள், பெரிய பாத்திரம் நிறையச் சிவப்புச் சோறோடு. எனக்கு வேலை போனது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது என்னையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

குறிப்பு எழுதினேன். முடிவில் வழக்கப்படி எழுந்து வாசித்தேன். "வந்தவர்கள்: திருமதி லுவெல்லா ஃப்ரேஸியர், திருமதி ஐடா மே வாஷிங்டன், திருமதி கோரா ஸ்மால்ஸ், வில்ஹெல்மினா."

மினா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. ஐடா மே என்னைப் பார்த்தாள், பிறகு மினாவைப் பார்த்தாள்.

திருத்தம் ஏதாவது உண்டா என்று தலைவி கேட்டார்.

மினா தலையை நிமிர்த்தவில்லை. "திருத்தம் இல்லை" என்று எழுதி நோட்டை மூடினேன்.