அங்கித் தோட்டம்

முதல் கடிதம்

அருளாளன் பெயரால்.

எங்கள் குடும்பத்தின் விளக்கும், மாமன்னர் ஷா அவர்களின் ஆணைப்படி நம் சங்காபாத் நகருக்கு ஆளுநராகப் பொறுப்பேற்க வந்துகொண்டிருப்பவருமான பேரன் மிர்ஸா ஜஹான்பக்ஷ் அவர்களுக்கு, பாட்டி மாஹ்ருக் பீபி எண்ணற்ற ஆசிகளுடன் எழுதுவித்தது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்துக்காக ஐந்து வேளையும் இறைஞ்சுகிறோம்.

தாங்கள் தர்பந்த் சத்திரத்தை அடைந்து, மூட்டை முடிச்சுகள் வந்து சேரும்வரை எட்டு நாள் அங்கே தங்குவதாகத் தந்தி வந்தது. பதவிக்கு அடையாளமாக மாமன்னர் தங்களுக்கு அனுப்பிய அங்கியும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. தங்கள் சிற்றப்பா முராத் கான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே உள்ள அங்கித் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். முன்னோர் வழக்கப்படி தாங்கள் நேராக அங்கே வந்து இறங்கி, காவலர்களை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு பணியாளுடன் உள்ளே சென்று, குளித்து, அங்கியை அணிந்துகொண்டு ஊருக்குள் வருவதே சிறப்பு. வெந்நீர்க் குளியலறையைச் சிற்றப்பாவே முன்னின்று சுத்தம் செய்வித்திருக்கிறார். பதினோரு ஆண்டுகளாகத் தாம் பார்த்துவந்த பொறுப்பைத் தங்கள் கையில் ஒப்படைத்துவிட்டுக் கர்பலா யாத்திரை போக வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

பாட்டியின் சொல்லைத் தட்ட வேண்டாம்.

(மாஹ்ருக் பீபியின் முத்திரை)


இரண்டாம் கடிதம்

என் ஜஹானுக்கு. அல்லா உன் தலைக்கு மேல் நிழலாக இருக்கட்டும். இதை எழுதுவது உன் பாட்டி. இந்த முறை நிஜமாகவே நான்.

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். எனக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுத்த முல்லா அம்மா எழுதவும் சொல்லிக் கொடுப்பதாக இருந்தாள். பெண் எழுதப் பழகினால் காதல் கடிதம் எழுதுவாள் என்று என் அப்பா தடுத்துவிட்டார். அவரை அதற்காக இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. பின்னால் நானாகப் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான் இது. தாள் நீலமாக இருக்கிறதே என்று பார்க்காதே, சர்க்கரைக் கட்டி சுற்றிவந்த தாள். அந்தச் சர்க்கரை யார் கொண்டுவந்தது என்று சொல்கிறேன்.

உனக்கு முன்பே ஒரு கடிதம் தபால் குதிரையில் வந்திருக்கும். அதில் இருந்தது என் முத்திரை மட்டும்தான். போன வியாழக்கிழமை முராத் ஒரு கையில் ருஷ்யச் சர்க்கரையும், பின்னால் ஓர் எழுத்தனுமாக என் அறைக்கு வந்தான். பதினோரு வருஷத்தில் அவன் என் வாசல்படி ஏறியது மூன்று தடவை, மூன்றும் எனக்கு நினைவிருக்கிறது. எழுத்தன் வாசித்துக் காட்டினான். முராத் என் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "பெரியம்மா, நான் சொன்னா பய நம்பமாட்டான். உங்க முத்திரையைப் பார்த்தான்னா ஓடி வருவான்," என்றான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "தோட்டத்துக் குளியலறைக்கு யாருடா அடுப்பெரிக்கிறது?" அவன் கையிலிருந்த தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. பிறகு சிரித்தான். "எதுக்குப் பெரியம்மா கேக்கறீங்க? அதே பழைய ஆளுதான்," என்றான்.

அதே பழைய ஆள். அதைக் கேட்டபிறகுதான் முத்திரையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். "கை நடுங்குதுடா, நீயே போட்டுக்கோ," என்றேன். கொடுக்காமலிருந்தால் கயிற்றை அறுத்து எடுத்திருப்பான். எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். கிழவிக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டு போனதுதான் நமக்கு நல்லது.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி. உன் அப்பா, என் மகன் ஹைதர், அந்தத் தோட்டத்துக்கு அங்கி அணியப் போனபோது உனக்கு ஐந்து வயது. காலையில் குதிரைமேல் போனவனைச் சாயங்காலம் ஒரு கதவைக் கழற்றி அதன்மேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். உடம்பை மூடியிருந்தது அந்த அங்கிதான். அன்றைக்குக் குளியலறைக்கு அடுப்பெரித்தவன்தான் முராத் சொன்ன அந்தப் பழைய ஆள். குளியலறையில் கரிப்புகை அடைத்து மூச்சு முட்டிவிட்டது என்று முராத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அழுதான். அப்போது அவன் மீசை முளைத்த புதிது, அழுகை மட்டும் பழுத்த அழுகை. நானும் நம்பினேன். நாற்பதாம் நாள் கழித்துப் பெண்கள் குளியல் கூடத்தில் குல்அந்தாம் என் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உன் அப்பாவின் உடம்பைக் கடைசியாகக் குளிப்பாட்டிய யதுல்லாவின் பெண்டாட்டி அவள். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "பீபி, புகையில செத்தவங்க கழுத்தைச் சுத்திக் கயிறு பதிஞ்ச தடம் இருக்குமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன்.

பத்தொன்பது வருஷம் இதை வாயில் அடக்கி வைத்திருக்கிறேன். உன்னைத் தெஹ்ரானுக்கு அனுப்பியது பிரெஞ்சு பேசக் கற்றுக்கொள்ள என்று ஊரே நினைத்தது. நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, என்னை ஏன் பாட்டி விரட்டுகிறாய் என்று கோவேறு கழுதைமேல் உட்கார்ந்து அழுதாய். உன் அழுகையும் எனக்கு நினைவிருக்கிறது.

இங்கே ஊர் நிலவரம் நீ விட்டுப்போனது போல இல்லை. முராத் வீட்டுக் கூரையில் வடக்கு அண்டைவீட்டான் கொடி பறக்கிறது. ருஷ்யாக்காரன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அண்டைவீட்டான் என்றே சொல்கிறோம். கொடி இருக்கும் வீட்டுக்குள் நீதிபதியின் ஆள்கூட நுழைய முடியாது. உனக்கு இந்தப் பதவி வாங்கிக் கொடுத்தது தெற்கு அண்டைவீட்டானான இங்கிலீஷ்காரனின் தந்திக் கம்பிதான் என்று கடைத்தெருவே பேசுகிறது. இரண்டு பேருடைய தூதர்களும் ஊருக்குள்ளேயே வீடு போட்டிருக்கிறார்கள். வடக்கன் தன் கொடிமரத்தை ஒரு முழம் உயர்த்தினால், தெற்கன் மறுவாரம் இரண்டு முழம் உயர்த்துகிறான். வடக்கன் பெண்டாட்டி ஊர்க் குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்தால் தெற்கன் பெண்டாட்டி பொம்மை கொடுக்கிறாள். குழந்தைகள் இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்கின்றன. நம் பெரிய மனிதர்கள் மட்டும் ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொண்டு, தம்பி அண்ணன் கழுத்தைப் பார்க்கிறான்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அங்கியே வேண்டாம் என்பேன் பாட்டி என்பாய். ஷாவின் அங்கியை வேண்டாம் என்றவன் ஷாவையே வேண்டாம் என்றவன். மத்தியானத்துக்குள் முராதே தெஹ்ரானுக்குத் தந்தி அடித்துவிடுவான். சரி, இங்கிலீஷ்காரனின் இந்தியக் குதிரைக்காரர்களைத் துணைக்குக் கூட்டிவருவேன் என்பாய். ஷாவின் அங்கி இருக்கும் இடத்துக்குள் ஆயுதத்தோடு ஒருவனும் போகக்கூடாது. முண்டாசும் ஈட்டியுமாக வாசலில் நிற்பார்கள், உள்ளே கூப்பிட்டால் கேட்காது. அப்புறம் தெற்கன் நல்ல தாளில், கரிப்புகையால் நேர்ந்த துக்கம் என்று மேலிடத்துக்கு எழுதுவான். உன் அப்பாவுக்கும் அப்படித்தான் எழுதினான். காகிதப் பூவில் ஒரு வளையம்கூடச் செய்து அனுப்பினான். இன்னொரு ஊர்ப் பக்கமாகச் சுற்றி வருவேன் என்றால், பயந்தவனை இந்த ஊர் ஆளுநர் என்று மதிக்காது. இதில் எதையும் நான் யோசிக்காமல் விடவில்லை. நாலு நாளாக வேறு என்ன வேலை எனக்கு?

ஒரே ஒரு வழி இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயதில் தப்ரீஸ்காரர் ஒருவர் ஆளுநராக வந்தார். வழியிலேயே அவருடைய அண்ணன் இறந்துபோனார். கறுப்பு உடுத்தியவன் நாற்பது நாள் முடியும்வரை அங்கியைத் தொடக்கூடாது என்று, மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் பெரிய முஜ்தஹித் சொல்லிவிட்டார். அந்த மனிதர் தோட்டம் பக்கமே திரும்பாமல் பெரிய கடைத்தெரு வழியாக ஊருக்குள் வந்தார். அங்கி பெட்டியிலேயே கிடந்து பூச்சி அரித்துவிட்டது. என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இது முராதுக்குத் தெரியாது. அவன் அம்மா, என் சக்களத்தி நாஸ்தானுக்கு ஊர் வழக்கம் எதுவும் தெரியாது, அவள் வந்த இடம் அப்படி.

அதனால் கேள். உன் குதிரைக்குக் கால் பிசகிவிட்டது என்று சொல்லி, நான் சொல்லியனுப்பும்வரை தர்பந்தை விட்டு நகராதே. இந்தக் கடிதத்தைச் சேணத்துக்குள் தைத்துக்கொண்டு வருபவன் கோவேறு கழுதைக்காரன் ஸஃபர். அவனை நம்பலாம். அவனுடைய தம்பி ஒரு நாள் வேகமாகக் குதிரை ஓட்டிக்கொண்டு வந்து உனக்கு ஒரு செய்தி சொல்வான். செய்தியைக் கேட்டதும் கறுப்பு உடுத்திக்கொள். தலைப்பாகையில் மண் போட்டுக்கொள். தோட்ட வாசலில் முராத் கைநீட்டிக்கொண்டு நிற்பான். குதிரையை நிறுத்தாமல், "சித்தப்பா, துக்கக்காரன் அங்கி தொடலாமா?" என்று எல்லாரும் கேட்கச் சத்தமாகக் கேள். பட்டப்பகலில் கடைத்தெருவழியே வா. முஹர்ரம் பத்து நாளும் நான் ஆக்கிப் போட்ட சோற்றைத் தின்ற ஊர் இது, ஆண் பெண் அத்தனையும் தெருவில் நிற்கும். வடக்கன் துக்கம் கேட்க ஆறு குதிரைக்காரர்களை அனுப்பினால் தெற்கன் எட்டுப் பேரை அனுப்புவான். இரண்டு கொடியும் பார்த்துக்கொண்டிருக்க உன்மேல் ஒரு தூசி விழாது. அவர்களுடைய போட்டி ஒரு நாளாவது நமக்கு உதவட்டும்.

அன்றைக்கே பள்ளிவாசலில் உன் நியமன ஆணையை முஜ்தஹித் வாயால் எல்லார் முன்னும் வாசிக்கச் சொல். வாசித்துவிட்டால் நீ ஆளுநர். நாற்பதாம் நாள் அங்கியைப் பள்ளிவாசல் முற்றத்திலேயே வரவழைத்துப் போட்டுக்கொள். யதுல்லா இன்னும் உயிரோடு இருக்கிறான், கண்தான் தெரியவில்லை. அவனைக் கூப்பிட்டுப் பேச வை. முராத் வடக்கன் வீட்டுக்குள் ஓடிப் புகுந்துகொள்வான், புகட்டும். அவனை இழுத்துவர இன்னொரு கொடிக்காரனிடம் மட்டும் போய் நிற்காதே. நம் வீட்டு ரத்தத்துக்கு நம் நீதிபதி போதும்.

செய்தி பொய்யாக இருந்தால் மாட்டிக்கொள்வோமே என்று நீ பயப்படுவாய். முராத் அதை மறைக்கத்தான் பார்ப்பான். ஆனால் நம் வேலைக்காரி ஜீவர் கூரைமேல் ஏறிக் கத்தினால் மூன்று தெரு கேட்கும், அவள் குரல் உனக்குத் தெரியும். அப்புறம் அவன் வடக்கனின் டாக்டரைக் கூட்டிவருவான், காதில் குழாய் மாட்டிக்கொண்டு வருவானே அந்த ஆள். வரட்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக் கேட்கட்டும்.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஹக்கீம் கொடுத்த சொட்டு மருந்தில்தான் இந்த நெஞ்சு இரண்டு வருஷமாக ஓடுகிறது, காலையில் ஏழு சொட்டு, மாலையில் ஏழு சொட்டு. அதிலும் பனி விழுவதைப் பார்க்கமாட்டீர்கள் பீபி என்று போன மாதமே சொல்லிவிட்டார். ஜீவர் எண்ணிக் கொண்டுவந்து கொடுக்கிறாள், சனிக்கிழமையிலிருந்து நான் அதை வாங்கி, அவள் திரும்பியதும் மாதுளங்கன்றுக்கு ஊற்றிவிடுகிறேன். கால் வீங்கிவிட்டது. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஜீவரைத் திட்டாதே, அவளுக்குத் தெரியாது. இதற்கு அல்லாவிடம் பதில் சொல்ல வேண்டியது நான், அவனிடம் நானும் இரண்டு கேள்வி கேட்க வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. நாஸ்தான் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வருவாள். விடாதே. நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் என் நீலக்கல் மோதிரத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு, காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றவள். அவள் அழுவது என் காதில் விழக்கூடாது.

படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ஸஃபருக்கு வயிறு நிறையச் சோறு போடு, சூடான சோறு. நீயும் சாப்பிடு, ராத்திரியில் வெளியே படுக்காதே, அங்கே காற்று குத்தும்.

என் கண்ணே, நீ தெஹ்ரானிலிருந்து எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், ஊருக்கு வரும் அன்று நீ தெருமுனைக்கே வந்து நிற்க வேண்டும் பாட்டி என்று எழுதினாய். அன்றைக்கு நான் நிற்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எங்கேயும் நிற்காமல், யார் கொடுத்த தேநீரையும் குடிக்காமல், நேராக வீட்டுக்குள் வா. நான் உள்ளேதான் இருப்பேன்.

உன் நிழல் நீளட்டும்.

உன் பாட்டி மாஹ்ருக்