அப்பாவின் வாட்சுக்குப் பச்சை முள்

போத்தனூர்,
புதன்கிழமை மத்தியானம்.

அன்பு மகன் ஜெஃபினுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அது பொய். அந்தப் பொய்யைப் போன மாதமே உனக்குப் போனில் சொல்லியாயிற்று. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீடு எத்தனை பெரிய அரண்மனை என்று உனக்குத் தெரியாதா? அடுப்படியில் முணுமுணுத்தால் வாசலில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்கும். கண் மங்க மங்க அவர் காது அவ்வளவு கூர்மையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டேனே, நீ ஹலோ என்றதும் எனக்கு அழுகை முட்டிவிட்டது. சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எதிர்வீட்டு ஜெனிஷா இதைப் போட்டோ எடுத்து உன் செல்லுக்கு அனுப்பித் தருவாள். படிக்காமல் எடு கண்ணு என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா எனக்கு எதிரில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றடிகூட இருக்காது. என்ன எழுதறே என்று கேட்டார். கோயிலில் வேதவசனம் எழுதிவரச் சொன்னாங்க என்றேன். சரி என்றார். எட்டிப் பார்க்கவில்லை.

கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொன்னதை அப்போதே உனக்குச் சொன்னேன். போன பார்வை போனதுதானுங்க, இருக்கறதைக் காப்பாத்திக்கலாம் என்றார். ஒரு குழாய்க்குள்ளே பார்க்கிற மாதிரித்தான் இவருக்குத் தெரியும் என்றும் சொன்னார். சொட்டு மருந்து ஊற்றினோம். அதெல்லாம் தாங்கிக்கொண்டார். மணி பார்க்க முடியாமல் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முப்பத்து நாலு வருசம் ரயிலில் கார்டாக இருந்தவர், ஊரே அவரிடம் மணி கேட்டது. அந்த மனுசன் யாரிடமும் மணி கேட்க வெட்கப்பட்டு, சுவர்க் கடிகாரத்தில் மூக்கு இடிக்க நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய பழைய சாவி கொடுக்கும் வாட்சில் முள் இரண்டும் முடி மாதிரி இருக்கும். முள்ளை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்கலாம் என்று, அவரைக் கேட்காமலே அதை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் பஸ் ஏறினேன். அங்கே யுஸ்ரா என்று ஒரு பெண், சொந்தமாக வாட்ச் கடை வைத்திருக்கிறாள். தங்கமான பெண். ரேடியம் பூசின முள்ளு இருக்குதுங்கம்மா, ஆனா ஓட்டை அளவு சேரணும், நீளமும் சேரணும் என்று ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி மூன்று ஜோடி எடுத்து வைத்தாள்.

ஒன்று இலை மாதிரி மெலிசு, நடுவில் ஒரு கோடு மட்டும் ரேடியம். அதை ஒதுக்கிவிட்டேன். இன்னொன்று நீலமாக ஒளிர்வது. அடடா, என்ன அழகு! எனக்கு அதன் மேல்தான் ஆசை. யுஸ்ரா, நீலம் பார்க்க எடுப்பா இருக்குங்க, பச்சைதான் ரொம்ப நேரம் நிக்கும் என்றாள். மூன்றாவதுதான் பச்சை. ரேடியம் முழுக்கப் பூசி, ஓரத்தில் கறுப்புக் கட்டி, அகப்பைக் காம்பு மாதிரி தடிமன். நம் வாட்சின் வெள்ளை முகத்துக்கு அந்தக் கறுப்பு ஓரம் இருந்தால்தான் பகலிலும் தெரியுமாம். அவர் கையில் பொம்மை வாட்ச் மாதிரி இருக்குமே என்று எனக்குச் சங்கடம். அப்புறம் ஒரு காகிதத்தைச் சுருட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குழாய் வழியாக மூன்றையும் பார்த்தேன். கடைக்கு வந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். தடிமன் பச்சைதான் தெரிந்தது.

முள்ளைப் பொருத்தி, பல்பு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் காட்டி, கறுப்புத் துணிக்குள் வாட்சை வைத்து, உள்ளே பாருங்கம்மா என்றாள். இரண்டு பேரும் துணிக்குள் தலையை விட்டோம். பச்சைப் பசேல் என்று இருந்தது. அந்த நிமிசம் எனக்கு இருந்த சந்தோசத்தை எழுதத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் அப்பாவிடம் கொட்டினேன். நீலத்தை விட்டது, பச்சையை எடுத்தது எல்லாம். ஜன்னலைச் சாத்தி, இரண்டு பேரும் பெட்சீட்டைப் போர்த்திக்கொண்டு பார்த்தோம். பச்சையாத் தெரியுது மேரி, பளிச்சுன்னு இருக்குது என்றார். நான் அங்கேயே முழங்கால் போட்டு அழுதேன். அன்றைக்கு ராத்திரிதான் அப்பாவுக்குப் பார்வை தேவலை என்று உனக்குப் போன் போட்டேன்.

மூன்று வாரம். மணி என்னங்க என்று நான் கேட்காத நேரமில்லை. இரு சொல்றேன் என்பார். கொஞ்சம் பொறுத்து, கையைத் தூக்கிப் பார்த்து, சரியாகச் சொல்வார். ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரச் சொன்ன தேதி வந்தது. நல்லாத்தானே தெரியுது, அங்க போயி எதுக்கு உட்காரணும் என்றார். நானும் சரி என்றேன். உன் அம்மாவைப் போல ஒரு முட்டாள் போத்தனூரில் கிடையாது.

போன வியாழக்கிழமை காலை, துணி காயப்போட்டுக்கொண்டே மணி கேட்டேன். இரு என்றார். பொள்ளாச்சி வண்டி போகிற சத்தம் கேட்டது. கையைத் தூக்கிப் பார்த்து, ஒம்பதே முக்கால் என்றார். அது எப்போதும் ஒன்பதே முக்காலுக்குப் போகிற வண்டிதான். ஆனால் அன்று லைனில் ஏதோ வேலை என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் லேட். ஜெனிஷா அதற்காகக் காத்திருந்து அலுத்துப்போய், கொஞ்ச நேரம் முன்தான் பஸ்ஸுக்குப் போனாள். வாட்ச்தான் நின்றுவிட்டதோ என்று கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். நிற்கவில்லை. அந்தத் தடிமன் முள் இரண்டும் பத்து அம்பதைக் காட்டிக்கொண்டிருந்தன. அவர் இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பள்ளிக்கூட மணி, கோயில் மணி, வண்டிச் சத்தம். ஏதாவது ஒன்று கேட்கும் வரைக்கும்தான் அந்த இரு சொல்றேன். பச்சை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான்தானே சொன்னேன். ஐயோ, நான் ஆசையாக வாங்கி வந்தேன் என்பதற்காக அந்த மனுசன் பெட்சீட்டுக்குள் இருட்டைப் பார்த்துக்கொண்டு பச்சை என்று சொல்லியிருக்கிறார், ஜெஃபின். நான் இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

எனக்குத் தெரிந்துவிட்டது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் டோக்கன் வாங்கிவிட்டேன். வரவே மாட்டேன் என்கிறார். பயப்படுகிறார், எனக்குத் தெரிகிறது. ஏதாவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா, என் முகமாவது தெரிகிறதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்த மூன்று வாரத்தில் எவ்வளவு போனதோ அதுவும் தெரியாது. நம்பிக்கை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ ரயில்வே பரீட்சையை எழுதாமல் கனடாவுக்கு ஃப்ளைட் ஏறிய நாளிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை. நீயும் பேசவில்லை. அப்பனும் மகனும் வீம்பில் ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் நீ கூப்பிட்டுச் சொன்னால் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார். நான் நூறு தடவை சொன்னாலும் வர மாட்டார். லீவு கிடைத்தால் நேரிலேயே வா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா பேசினார். வேதவசனம் எழுதறவ எதுக்கு அம்மணி இத்தனை தடவை மூக்கை உறிஞ்சறே என்று கேட்டார். சளிங்க என்றேன். கொஞ்ச நேரம் வாட்சின் கண்ணாடியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், முடிக்கறப்ப அவனை நானும் விசாரிச்சேன்னு ஒரு வரி போட்டுடு என்றார். அவருக்கு என்னென்ன தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வரியைப் போட்டுவிட்டேன். அப்பா உன்னை விசாரித்தார்.

இந்த வியாதி பிள்ளைகளுக்கும் வருமாம், நீயும் போய்க் கண்ணைக் காட்டிக்கொள். ஆண்டவர் உன் கண்ணை உனக்குக் காப்பாற்றிக் கொடுக்கட்டும். திங்கட்கிழமைக்கு முன்னால் அப்பாவைக் கூப்பிடு, சாமி. எதை வேண்டுமானாலும் பேசு. மணி மட்டும் கேட்காதே.

உன் அம்மா,
சூசைமேரி தேவானந்தம்.