காக்காச் சோற்றுக்கு வந்த நொடி

என் அன்பு அக்கா,

நீ இத்தனை வருடம் காத்திருந்த செய்தி, நீ இல்லாத நேரமாகப் பார்த்து வந்து தொலைத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காற்றில் அடிபட்ட கடல் பறவைகள் உள்நாட்டில் எங்கே போய் விழுகின்றன என்பதுதானே உன் ஆராய்ச்சி? தலைமன்னார் மணல்திட்டுகளில் ஆலாப் பறவைகளின் கூடுகளை எண்ணிவிட்டு வீட்டுக்கு வரும்போதெல்லாம் நம் தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்களிடம் சொல்லிவைப்பாய். "தெரியாத பறவை ஏதாச்சும் விழுந்தா அடிச்சிராதீங்க, எனக்குச் சொல்லுங்க." நீ போனதும் சிரிப்பார்கள். ஹல்துமுல்லை மலையில் கடல் பறவையாம்! மீன் தின்னும் பறவைகளோடு வாழ்ந்துவிட்டு, வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறவள் நீ. அதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சிரிப்பு.

கடலில் கவிழ்ந்த படகு கிடைத்தது. உன் பைனாகுலர் கிடைத்தது. நீ கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் எப்படி அழுவது என்று அம்மா கேட்டாள், அழவும் இல்லை. உன் போட்டோவை வைத்துத்தான் ஆற்றோரத்தில் கருமாதி செய்தோம்.

அன்றைக்கு ஆடிக் காற்று, லயத்துத் தகரத்தைப் பிடுங்குகிற காற்று. இலையில் காக்காச் சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டோம். ஒரு காக்காகூட வரவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து கரும்பழுப்பாக ஒன்று இறங்கி இலைக்குப் பக்கத்தில் நின்றது. காலில் வாத்துக்கு இருப்பது போல் ஜவ்வு. நெற்றியில் மட்டும் திருநீறு பூசியது போல வெளுப்பு.

அம்மா குனிந்து, "பாப்பா, நீதானா?" என்றாள்.

அது தலையை ஆட்டியது.

எனக்குத் தெரியும் அக்கா. இது கடல் பறவைதான், நீ செல்போனில் காட்டியிருக்கிறாய். இங்கிலீஷில் அதற்கு நொடி (noddy) என்று பேர். மனுஷரைக் கண்டு பயப்படாது, எதிரே போய் நின்றால் தலையைத் தலையை ஆட்டும், அது அதன் சுபாவம். தெரிந்தும் ஓரடி பின்வாங்கினேன். அம்மா கேட்டுக்கொண்டே போனாள். "பசிக்குதா?" ஆட்டியது. "தண்ணிக்குள்ள குளுருச்சா?" அதற்கும் ஆட்டியது.

அம்மா அதை முந்தானையில் சுற்றிக்கொண்டுவந்து உன் படுக்கையில் விட்டாள். அது அடித்தொண்டையில் கரகரத்தபோது, சளி பிடித்த நாட்களில் நீ கூப்பிடுவது போலவே இருந்தது. பக்கத்துக் காம்பரா செல்லம்மா சித்தி ஓடிவந்து, "எம் மகன் டுபாய்லேருந்து வருவானா, சொல்லு," என்று கேட்டாள். அதற்கும் ஆட்டல்தான். சித்தி கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சோறு உருட்டி வைத்தால் தின்னவில்லை. அலகு நுனியில் தண்ணீர் சொட்டியது. "பாரு, அழுவுறா," என்றாள் அம்மா. உடம்பில் இருக்கும் உப்பை அப்படித்தான் வெளியே தள்ளும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. நாளுக்கு நாள் அதன் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டே வந்தது. மீன் வாங்கட்டுமா என்றேன். "அவளுக்கு மீனு ஆகாதுன்னு தெரியாதா ஒனக்கு?" என்று என் மேல் பாய்ந்தாள்.

நான் என்ன செய்வேன், சொல்லு. சோற்றையே வைத்துக்கொண்டிருந்தால் அது செத்துப்போகும், அம்மாவுக்கு நீ இரண்டாம் தடவை சாவாய். மீனைத் தின்றுவிட்டால் அது நீ இல்லை என்று ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் உன்னைச் சாகடிக்கும் வேலை என் தலையில்தான்.

அம்மா கொழுந்து எடுக்கப் போனதும் நெத்தலி வாங்கி, உப்புத் தண்ணீரில் நனைத்து நீட்டினேன். வெடுக்கென்று பிடுங்கி விழுங்கியது. இன்னொன்றுக்கு வாயைப் பிளந்தது. மழை என்று மலையில் வேலையை நிறுத்திவிட்டார்களாம். கூடையோடு அம்மா வாசலில் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன்.

"இது அவ இல்ல," என்றாள். கூடையை இறக்கி வைத்தாள். பிறகு அழுதாள் அக்கா, அப்படி அழுதாள். நானும் அழுதேன். லயமே எங்கள் வாசலில் வந்து நின்றது.

மறுநாள் பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு, பறவையை உள்ளே வைத்து, மொனராகலைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து பொத்துவில் போனோம். அம்மா கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெட்டியைத் திறந்ததும் அது கொஞ்சம் தயங்கிவிட்டு எழும்பியது. அம்மா பின்னாலேயே முழங்கால் தண்ணீர் வரை போய், "நீ அவ இல்ல. ஆனா அந்தப் பக்கந்தானே போற? பாத்தா சொல்லு, அம்மா வந்து நிக்கிறேன்னு," என்று கத்தினாள். பறவை கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, "வா, போவம்," என்றாள். யாரிடம் சொன்னாள்? என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட் கிடைத்தது. ஜன்னலோரத்தை விட்டுவிட்டு அம்மா நடுவில் உட்கார்ந்தாள். வாந்தி வரும் என்று சண்டை போட்டு நீ பிடிக்கிற இடம் அது. வெல்லவாயவில் ஆட்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். ஒருவர்கூட அந்த இடத்தைக் கேட்கவில்லை. கண்டக்டர் அங்கே பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார். கொஸ்லந்தை வளைவுகளில் அம்மா கையை நீட்டி ஜன்னலைத் திறந்துவிட்டாள். "கொஞ்சம் காத்து வாங்கு. சரியாப் போயிரும்," என்றாள். என்னிடம் இல்லை.

ஏறினாய் என்றால் எங்கே இறங்கினாய் அக்கா? அம்மா இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். நான்தான் விழித்துக் கிடக்கிறேன். பயமா என்றால் பயம்தான். நீ வரவேயில்லை என்று நினைப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன்: இனி எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் நான் ஜன்னலோரத்தில் உட்காரமாட்டேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
உன் சின்னவள்