தேத்தண்ணிக் கடையில் பார்த்த சீமெந்துச் சந்தை

அண்ணை,

இன்று காலை, மகள் குடும்பத்தோடு நான் இருக்கும் இந்த வெளிநாட்டு ஊரின் கபோச் சந்தையில் மீன்கடைக்குப் பக்கத்துச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார்கள். ஈரச் சீமெந்தின் மணம் மீன் மணத்தையும் மீறி வந்தது. மகள் கையைப் பிடித்து இழுத்தும் நான் நகரவில்லை. சார்ஜாவில் நீங்களும் நானும் பங்குக்கு நடத்திய சீமெந்துக் கடை கண்ணுக்குள் வந்து நின்றது.

சரக்கு எடுக்குமுன் நீங்கள் பேப்பரைப் பார்த்ததில்லை. விடியற்காலையில் என்னையும் எழுப்பிக்கொண்டு, கலவை லொறிகள் புறப்படும் இடத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போவீர்கள். டிரைவர்மார் சுடச்சுட விழுங்கிவிட்டு ஓடினால் கட்டட வேலை மும்முரம், சரக்கு எடுக்கலாம். ஊர்க்கதை கதைத்து ஆறவைத்துக் குடித்தால் கையைச் சுருக்க வேண்டும்.

கடலோரமெல்லாம் கோபுரங்கள் வரப்போகின்றன என்று அறிவிப்புகள் குவிந்த வருடம், அயல் கடைக்காரர்கள் மூட்டைகளை முகடு முட்ட அடுக்கினார்கள். நீங்களோ இருந்ததையும் வந்த விலைக்கு விற்றீர்கள். நான் கத்தினேன்.

"பேப்பரில எழும்பிற கட்டடம் சீமெந்து தின்னாதடா," என்றீர்கள்.

"பங்காளி நான். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"கேட்டால் நீ மாட்டன் எண்டுதானே சொல்லுவாய். பிறகென்னத்துக்குக் கேக்கிறது?"

கோபுரங்கள் தள்ளிப்போயின. உள்ளூர் ஆலைகளிலேயே சரக்குத் தேங்கிக் கிடக்க, வெளிநாட்டுக் கப்பல்களும் மலிவாக இறக்கின. கடற்காற்றின் ஈரத்தில் அயல் கடைகளின் மூட்டைகள் கல்லாக இறுகின. எங்கள் கடை தப்பியது. ஆனாலும் பாதியை வைத்திருந்திருக்கலாம் என்றுதான் இன்றும் சொல்லுவேன். கேட்காமல் விற்றதை மன்னிக்கவும் இல்லை. ஆனால் அப்படியொரு கண்ணை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.

மருமகன் இங்கே கடற்கரைப் பக்கம், மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் சமைக்கிறான். வீடு வாங்கச் சேர்த்த காசு முழுவதையும், சிநேகிதன் சார்ஜாவில் தொடங்கும் சீமெந்துக் கடையில் போடப் போகிறானாம். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் போனை நீட்டினான்.

"மாமா, பாருங்கோ. வளைகுடாவில சீமெந்துக்குக் கேள்வி கூடப்போகுதாம், விலையும் ஏறுமாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லினம்."

"அந்த எல்லாரும் கடை வைச்சிருக்கினமோ?"

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாயும் சாப்பிடவில்லை. வாடகை கேட்டு வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டாத ஒரு வீட்டுக்காகத்தான் அவள் இத்தனை வருடம் பிறர் வீடுகளைத் துடைக்கிறாள்.

"கூடலாம், கூடாமலும் போகலாம். அங்கை போய் நிண்டு பாக்காமல் ஒரு சதமும் போடாதையும் தம்பி. நானும் வாறன்."

"அப்பா, உங்கடை முழங்கால்?"

"அதையும் கூட்டிக்கொண்டுதான் போறன்."

மருமகன் சிரித்தான். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தான். "ஓம் மாமா, பாத்திட்டு முடிவெடுப்பம்."

மகள் அப்போதுதான் சாப்பிடத் தொடங்கினாள்.

அடுத்த மாதம் போகிறோம். சந்தை ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியாது. உலகமே ஒன்றைச் சொன்னாலும் நேரே பார்க்கும்வரை நம்பாத பிடிவாதம் மட்டும் இருக்கிறது. அது என் பிறவிக்குணம் என்று மகள் நினைக்கிறாள். இல்லை, அது உங்களிடமிருந்து வந்தது. நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் இதைச் சொல்லியிருந்தால், "இவன் ஒத்துக்கொண்டிட்டான்" என்று சார்ஜா முழுக்கக் கதைத்துத் திரிந்திருப்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை.