ஆமினாவுக்குப் பக்கத்து சீட்

12.5.1986, திங்கள். சத்வா.

துபாயில் என்னைப்போல் பஸ் ஓட்ட ஆள் கிடையாது. ஒரு ஷேக்கே காரை நிறுத்தி எனக்குக் கை கொடுத்திருக்கிறார். ஆனாலும் என் காலேஜ் பஸ்ஸில் சூடான் பெண் ஆமினாவுக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. கறுப்பாம். நான் மட்டும் என்ன வெள்ளைக்காரனா? என் அக்காள் மகள் வசந்திகூட நின்றுகொண்டேதான் வருவாள். நேற்று இறங்கும்போது ஆமினா, "கலாஸ் அங்கிள், முடிஞ்சது. இனி காலேஜ் வேண்டாம்" என்றாள். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் அவள் வீட்டு வாசலில் விடாமல் ஹாரன் அடித்து அவளை ஏற்றிக்கொண்டேன். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அளந்துவிட்டேன்.

"ஆமினா சீட்டுக்கு மேலதான் ஏசி ஊட்டி மாதிரி அடிக்கும். பஸ் செஞ்ச ஜப்பான்காரனே எங்கிட்ட சொன்னான்."

வசந்தி ஓடிப்போய் உட்கார்ந்தாள். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தால், இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறார்கள்.

சாயங்காலம் இறங்கும்போது வசந்தி பிடித்துக்கொண்டாள். "மாமா, அந்த ஏசி ஓடவே இல்ல. புளுகுதானே?"

"அப்ப திரும்பி வரும்போதும் ஏன் அங்கயே உக்காந்தே?"

"அவ எனக்கு எடம் பிடிச்சு வச்சிருந்தா. நாளைக்கும் பிடிச்சு வைக்கிறாளாம்."

பிள்ளைகள் இரண்டு பேரும் வியர்த்து வழிந்துதான் இறங்கினார்கள். விடிந்ததும் போய் அந்த ஏசியைப் பார்க்கவேண்டும். நான் தொட்டு ஓடாத ஏசி உலகத்திலேயே கிடையாது.